ஆழ்ந்த கவலை

நாமகிரிப்பேட்டை
12-6-1981

மதிப்பிற்குரிய இந்தியத் தூதரக அய்யா அவர்களுக்கு,

சேலம் மாவட்டம், ராசிபுரம் தாலுகா, நாமகிரிப்பேட்டையை அடுத்த தோட்டத்தில் குடியிருக்கும் சென்னியப்பன் மனைவி சௌந்திரம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் உங்கள் ஊரில் ஒரு கம்பெனியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மாதம் தவறாமல் கடிதம் வரும். மாசி மாதத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. போன வாரம் அதே கேம்ப்பில் வேலை செய்யும் சேந்தமங்கலத்து ஆள் ஒருவர் லீவில் வந்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணனைப் புடிச்சு உள்ள வெச்சிருக்கறாங்க. வண்டியில மாட்டி ஒரு காவல்காரன் செத்துப்போயிட்டான்" என்று சொன்னார். மேற்கொண்டு கேட்டதற்கு, தனக்கு அவ்வளவுதான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் எங்கே இருக்கிறார், என்ன வழக்கு என்று தெரியப்படுத்த வேண்டுகிறேன். நான் எட்டாவது வரை படித்திருக்கிறேன். தயவுசெய்து தமிழிலேயே எழுதுங்கள். இங்கிலீஷில் வந்தால் நான் யாரிடமாவது கொண்டுபோய்ப் படிக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
செ. சௌந்திரம்


இந்தியத் தூதரகம், தொழிலாளர் நலப் பிரிவு
4-7-1981

திருமதி சௌந்திரம் அவர்களுக்கு,

தங்கள் 12-6-81 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. இப்பிரிவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் அது என்னிடம் தரப்பட்டுள்ளது. விசாரித்த அளவில் தெரிய வந்தவை பின்வருமாறு.

பிப்ரவரியில் அந்த கேம்ப்புக்குப் பல நாட்களாகத் தண்ணீர் வரவில்லை. தொழிலாளர்கள் சாலையை மறித்தார்கள். அந்த நேரத்தில் வந்த தண்ணீர் லாரியின் சக்கரத்தில் கேம்ப் காவலாளி ஒருவர் சிக்கி இறந்தார். லாரியை ஓட்டி வந்தவர் உங்கள் கணவர். நிறையப் பேரைக் கைது செய்தார்கள். இந்நாட்டாரும் இவர்கள் மதத்தைச் சேர்ந்தவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள். வெளிநாட்டார், வேறு மதத்தவர் என்று நான்கு பேர் மட்டும் உள்ளே இருக்கிறார்கள். அவர்களில் உங்கள் கணவர் ஒருவர். விபத்து வழக்காக இல்லாமல் அரசுக்கு எதிரான கலகம் என்று தனி நீதிமன்றத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவரைச் சிறையில் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம்.

இதற்கு மேல் எழுதுவது முறையல்ல. ஆனாலும், எனக்குச் சொந்த ஊர் சேலம் சூரமங்கலம். அப்பா ரயில்வேயில் இருந்தவர். நாமகிரிப்பேட்டைக்கு மஞ்சள் வாங்க அவரோடு வந்திருக்கிறேன். என்னால் ஆனதைச் செய்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பெ. மருதாசலம்


நாமகிரிப்பேட்டை
20-7-1981

அய்யா அவர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய தைரியம்ங்க. மாமனாரிடம் படித்துக் காட்டினேன். அவர் பெயர் சின்னுசாமி. இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லத் தெரியாது. ராசிபுரம் சந்தையில் என்ன விலை என்றால், இங்கே பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பிப்பார். யார் யார் பஸ்ஸில் இருந்தார்கள், எங்கே நின்றது, எல்லாம் வரும். விலை கடைசியில்தான் வரும். நான் அதற்காக எத்தனையோ நாள் அவரிடம் சலித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் சொல்வது ஒன்றும் பொய்யாக இருக்காது. கோர்ட்டில் கேட்கிறவர்களிடம் அவரைப் பாதியில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைசி வரை கேட்டால்தான் விஷயம் வரும்.

பெண் நன்றாக இருக்கிறாள், நாலாம் வகுப்புப் போகிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள். கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை என்று சொல்லுங்கள். அது உண்மையில்லை. இருந்தாலும் சொல்லுங்கள்.

செ. சௌந்திரம்


தூதரகம்
2-9-1981

திருமதி சௌந்திரம் அவர்களுக்கு,

நேற்று சிறையில் உங்கள் கணவரைப் பார்த்தேன். அவருக்கும் எனக்கும் நடுவே இரண்டு கம்பி வலைகள். அவற்றுக்கு இடையில் காவலர் ஒருவர் நடந்துகொண்டே இருந்தார். ஆள் இளைத்திருக்கிறார். மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை. என் பேச்சைக் கேட்டதும், "சேலம் பக்கங்களா நீங்க?" என்றார். பெண்ணைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் சொன்னேன். கிணற்றைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

என்ன நடந்தது என்று கேட்டேன். நீங்கள் எழுதியபடியே காலையில் எழுந்து பல் விளக்கியதிலிருந்து ஆரம்பித்தார். லாரியில் தண்ணீர் ஏற்றி முடிப்பதற்குள் எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது.

இனி எழுத வேண்டியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன். நீங்கள் எனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது. எங்களுக்கு இப்போதுதான் சொன்னார்கள். ஒரே காலையில் விசாரணை, அன்று மதியமே தீர்ப்பு. வக்கீல் கிடையாது. புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கைரேகை வாங்கியிருக்கிறார்கள். நான்கு பேருக்கும் மரண தண்டனை விதித்திருக்கிறார்கள்.

மேல்முறையீடு இருக்கிறது. அதில் இந்தத் தண்டனை மாறுவது உண்டு. சாதாரண வழக்காக இருந்தால் இறந்தவர் குடும்பத்தார் மன்னித்தாலே போதும். இது அரசு வழக்கு என்பதால் அந்த வழி இல்லை. டெல்லியிலிருந்து இந்நாட்டு வெளியுறவுத் துறைக்கு எழுதியிருக்கிறார்கள். பத்திரிகையிலும் வரும்.

மருதாசலம்


நாமகிரிப்பேட்டை
27-9-1981

அய்யா,

கடிதம் வந்தது. படித்தேன்.

மாமனாரிடம் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் பத்திரிகையில் வந்துவிட்டது. டீக்கடையில் யாரோ படித்து, அவர் காதில் விழுந்து, வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அந்தப் பத்திரிகைத் துண்டை நான் வைத்திருக்கிறேன். "வெளிநாட்டில் சிறுபான்மையினருக்கு முறையற்ற விசாரணையில் விதிக்கப்படும் மரண தண்டனைகள் குறித்து இந்திய அரசு ஆழ்ந்த கவலை தெரிவித்தது" என்று போட்டிருக்கிறது. அவர் பெயர் இல்லை. எங்கள் மாமனார் இரண்டு மாடு பூட்டிச் சாலில் தண்ணீர் மொண்டு கவலை இறைத்தவர். மோட்டார் வருவதற்கு முன்னால் எல்லாக் கிணற்றிலும் கவலைதான். "ஆழமான கெணத்துல கவலை எறைச்சாலும் கடைசியில ஒரு சால் தண்ணியாவது மேல வரும். இவங்க கவலையில என்ன சாமி வரும்?" என்று கேட்டார். நீங்கள் அரசாங்கத்தில் இருப்பவர். நீங்கள் சொல்லுங்கள். கவலை தெரிவித்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? பதிலுக்கு என்ன தெரிவிப்பார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். மேல் கோர்ட்டில் என்றைக்கு என்று எழுதுங்கள்.

சௌந்திரம்


தூதரகம்
18-1-1982

சௌந்திரம் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது இதுதான். நாம் கவலை தெரிவித்துக் கடிதம் கொடுத்தால், கடிதம் கிடைத்தது என்று அவர்கள் ஒரு கடிதம் கொடுப்பார்கள். இதற்கு மேல் அழுத்திக் கேட்டால் இங்கே வேலை செய்யும் நம் ஆட்களை அனுப்பிவிடுவார்களோ என்று மேலே பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. கேம்ப்புகளில் நம் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று எனக்குத் தெரியும்.

நேற்று மேல்முறையீடு நடந்தது. தூதரகத்தின் சார்பில் பார்வையாளராக உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. உட்காரலாம், பேசக்கூடாது என்பது நிபந்தனை. நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் வடநாட்டுக்காரர். எங்கோ கப்பல் துறையில் கொஞ்சம் தமிழ் கற்றவராம். அந்தத் தமிழும் நம் பக்கத்துத் தமிழ் இல்லை.

நீதிபதி ஒரு கேள்விதான் கேட்டார். அந்த மனிதன் மேல் வண்டியை ஏற்றினாயா என்று. உங்கள் கணவர் நின்று, கைகட்டி, முதலிலிருந்து சொன்னார். முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"தண்ணி லோடு ஏத்திக்கிட்டு கேம்ப்புக்கு வாரேனுங்க. ரோட்டுல ஆளுங்க நின்னுக்கிட்டிருந்தாங்க, நிறுத்திட்டேன். அந்த வண்டியில பிரேக்குக்குப் போற ஏர் லீக்குங்க. ஆபீசுல எத்தனையோ தடவ சொல்லியிருக்கறேன். நின்ன எடத்துலயே ஏர் எறங்கிருச்சு. பிரேக்கு நிக்காதுன்னு தெரிஞ்சு, சக்கரத்துக்குக் கட்டை வெக்கலாம்னு கீழ குதிச்சேனுங்க. அதுக்குள்ள உருண்டுருச்சு. அந்த ஆளு முன்னால நின்னுக்கிட்டிருந்தான். ஒதுங்குடா, ஒதுங்குடான்னு கத்தினேன். என்ற பேச்சு அவனுக்குப் புரியலீங்க."

இதற்கு மேலும் சொல்ல வந்தார். மொழிபெயர்ப்பாளர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நீதிபதியிடம் ஒரே வாக்கியம் சொன்னார். இந்நாட்டு மொழி எனக்குத் தெரியும். "வண்டியிலிருந்து குதித்துவிட்டு, வண்டியை அவன் மேல் உருட்டிவிட்டதாக ஒப்புக்கொள்கிறான்" என்பது அந்த வாக்கியம்.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை. "உருட்டினதாக அவர் சொல்லவில்லை. உருண்டதாகச் சொன்னார்" என்றேன். யார் நீ என்று நீதிபதி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேர் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை தூதரகத்துக்குத் தகவல் வந்திருக்கிறது. இந்த வழக்கில் இனி நம் ஆட்கள் யாரும் நீதிமன்றத்துக்கு வரக்கூடாது. சிறையில் பார்க்கும் அனுமதியும் ரத்து. நான் எழுந்ததால்தான்.

மருதாசலம்


நாமகிரிப்பேட்டை
9-2-1982

அய்யா,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன்.

நீங்கள் எழுந்தது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நேரம், அத்தனை பேர் நடுவில் அவருக்காக ஒருவர் எழுந்தாரே என்று இருக்கிறது. இன்னொரு நேரம், சும்மா உட்கார்ந்திருந்தால் இன்னொரு முறையாவது அவரைப் பார்த்துப் பேசியிருப்பீர்களே என்று இருக்கிறது. பொய் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. இரண்டும்தான் நினைக்கிறேன்.

மாமனாரிடம் அவர் பேசியதைப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் பேசற மாதிரியே இருக்குது" என்றார்.

ஊரில் சிலர் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். ஒன்றும் செய்யாதவனையா ஓர் அரசாங்கம் தூக்கில் போடும் என்று என் காதுபடவே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர் எங்களுக்குச் சொந்தம். அவர் வீட்டுக்கு நான் இனிப் போகமாட்டேன்.

சௌந்திரம்


என் அறையிலிருந்து
21-5-1982

சௌந்திரம் அவர்களுக்கு,

இது தூதரகக் கடிதம் இல்லை. என்னைப் பாஸ்போர்ட் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இந்த வழக்குச் சம்பந்தமாகக் குடும்பத்தாருக்கு யாரும் தனியாக எழுதக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு. அதனால் அறையிலிருந்து எழுதுகிறேன். இனி எழுதுவதானால் பின்னால் உள்ள முகவரிக்கு எழுதுங்கள்.

மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. நான்கு பேருக்கும் அதே தண்டனை. இனி இந்நாட்டை ஆள்பவர் மனது வைத்தால்தான் உண்டு. கருணை மனு போயிருக்கிறது. மற்ற மூவரின் நாடுகளும் கொடுத்திருக்கின்றன. டெல்லியிலிருந்து ஒரு அமைச்சர் வேறு வேலையாக இங்கே வரப்போகிறார். அப்போது இதையும் பேசுவார் என்கிறார்கள். அவருக்காகத் தயாரான குறிப்பை என் நண்பர் ஒருவர் காட்டினார். நிறைய விஷயங்கள் இருந்தன. இது கடைசியில் இருந்தது. நேரம் இருந்தால் பேச வேண்டியவை என்ற தலைப்பின் கீழ்.

உங்களிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்வதைத் தவிர வேறொன்றும் என் கையில் இல்லை.

மருதாசலம்


நாமகிரிப்பேட்டை
30-6-1982

அண்ணா,

இனி உங்களை அய்யா என்று எழுத வரவில்லை. தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

சேலத்துக்கு டெல்லி மந்திரி ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு நானும் மாமனாரும் போனோம். நீங்கள் சொன்ன அதே மந்திரியா என்று தெரியாது. டெல்லிக்காரர் யாராக இருந்தாலும் கொடுத்துவிடலாம் என்று போனோம். ஜங்ஷனில் பெரிய கூட்டம், மேளம், மாலை. மாமனார் கூட்டத்துக்குள் முட்டி மோதிப் போய் மனுவை நீட்டினார். மந்திரி வாங்கினார். நடந்தபடியே பின்னால் வந்தவரிடம் கொடுத்தார். அவர் இன்னொருவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அது யார் கைக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியவில்லை. "வாங்கிக்கிட்டாரில்ல?" என்று மாமனார் வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அங்கிருந்து சூரமங்கலத்தில் விசாரித்து உங்கள் வீட்டுக்குப் போனோம். உங்கள் அம்மா எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. நீங்கள் எழுதிய கடிதங்கள் என் பையில் இருந்தன. எடுத்துக் காட்டினேன். "எனக்கு நாலு வரிக்கு மேல எழுதமாட்டான். ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கூட எழுதமாட்டான். உனக்கு இத்தன எழுதியிருக்கறானா கண்ணு?" என்று கேட்டார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்களுக்கு எழுதுங்கள், அண்ணா.

சௌந்திரம்


என் அறையிலிருந்து
8-10-1982

தங்கச்சி சௌந்திரம்,

தந்தி வந்திருக்கும். தந்தியில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மதியம் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பெயர்கள் படித்தார்கள். மூன்றாவது பெயரை அவர்கள் சொன்ன விதத்தில் எனக்கு முதலில் விளங்கவில்லை. ஊர்ப் பெயரை வைத்துத்தான் தெரிந்தது. அன்று விடியற்காலையிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். தூதரகத்துக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் அதிகாரியே என் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டதும் அவரே சிறைக்குக் கிளம்பிப் போனார். அவரும் கெட்டவர் இல்லை, தங்கச்சி.

உடலைக் கேட்டோம். அடக்கம் ஆகிவிட்டது என்றார்கள். இடத்தைச் சொல்லவில்லை. கடைசியாக அவர் என்ன சொன்னார், ஏதாவது கேட்டாரா என்றும் விசாரித்தேன். கேட்டிருந்தாலும் அங்கே யாருக்கும் புரிந்திருக்காது.

மாலையில் டெல்லியிலிருந்து அறிக்கை வந்தது. போன தடவை கவலை என்று இருந்த இடத்தில் இந்தத் தடவை வருத்தம் என்று இருக்கிறது. நான்தான் அதைத் தமிழில் எழுதிக்கொடுத்தேன். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டுமாம்.

மருதாசலம்


நாமகிரிப்பேட்டை
14-11-1982

அண்ணா,

காரியம் எல்லாம் முடிந்தது. உடல் இல்லாமல் எப்படிச் செய்வது என்று பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அவர் வேட்டியையும் சட்டையையும் வைத்துச் செய்தோம். பெண் பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். ராத்திரி என் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

நீங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் மாமனார் மறுபடி வரிசையாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். பத்திரிகைத் துண்டையும் படித்தேன். முடித்ததும் கேட்டார். "செத்துப்போன அந்தக் காவல்காரன் பேரு என்ன சாமி?"

நான் தேடிப் பார்த்தேன், அண்ணா. எதிலும் இல்லை. நீங்கள் எழுதவில்லை. பத்திரிகையில் போடவில்லை. நானும் இத்தனை நாள் கேட்கவில்லை. அவனை நினைத்தபோதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "அவனையும் ஒருத்தி பெத்துத்தான் இருப்பா. எம்பையன் வண்டியிலதானே செத்தான்" என்றார். தை அமாவாசைக்கு மோகனூர் காவிரிக்குப் போகப் போகிறார். அதற்குள் தெரிய வேண்டுமாம்.

உங்களுக்குச் சிரமம் என்றால் வேண்டாம்.

சௌந்திரம்


என் அறையிலிருந்து
26-12-1982

தங்கச்சி,

எனக்கும் அது தோன்றவே இல்லை. ஒன்றரை வருடம் இந்த வழக்கோடு இருந்தேன். எங்கள் பைலில் அவன் பெயர் இல்லை. "இறந்த காவலாளி" என்றுதான் எல்லாத் தாளிலும் இருக்கிறது.

கேம்ப்புக்கு நேரிலேயே போய்க் கேட்டேன். பழைய ஆட்கள் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். சமையல்கூடத்தில் இருந்த ஒருவர்தான் சொன்னார். அவன் பெயர் இத்ரிஸ். இந்த நாட்டுக்காரன் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், நம்மைவிட ஏழ்மையான ஒரு நாட்டிலிருந்து வந்தவன். வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இந்நாட்டு மொழியும் அவனுக்குச் சரியாக வராதாம். கேம்ப்பில் யாரோடும் பேச முடியாமல் கேட் அருகே தனியாக நிற்பானாம். தண்ணீர் வராத நாட்களில் அவனுக்கும் தண்ணீர் இல்லை.

அவன் அம்மாவிடமிருந்து கம்பெனிக்கு இரண்டு கடிதம் வந்ததாம். மகனிடமிருந்து ஏன் கடிதம் இல்லை என்று கேட்டு. அந்த மொழி படிக்கத் தெரிந்தவர் அங்கே இந்தச் சமையல்காரர் ஒருவர்தான் என்பதால் இவரிடம் காட்டியிருக்கிறார்கள். யாராவது பதில் எழுதினார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

மருதாசலம்


நாமகிரிப்பேட்டை
20-1-1983

அண்ணா,

உங்கள் கடிதம் அமாவாசைக்கு முன்பே வந்துவிட்டது. மாமனாரிடம் படித்தேன். பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் வாய்க்கு அது வரவில்லை. இட்ரீசு என்றார். இதிரீசு என்றார். மோகனூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

காவிரியில் தண்ணீர் முழங்காலளவுதான் ஓடியது. நடுவில் போய் நின்றார். அய்யர் சொல்லச் சொல்ல, சென்னியப்பன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். அது முடிந்ததும் அய்யர் கரையேறப் பார்த்தார். மாமனார் மறுபடி எள்ளைக் கையில் எடுத்தார். இது யாருக்கு, என்ன உறவு என்று அய்யர் கேட்டார். மாமனார் அவர்பாட்டுக்கு அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீரில் விட்டார்.

அவர் சரியாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா. எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

சௌந்திரம்